ஊலிக் வீட்டுப் பதினோரு ஜன்னல்கள்

ஊருக்கு ஒருவர் இருக்கிறார். சில ஊர்களில் தெருவுக்கு ஒருவர். ஒரு சாமான் வாங்க வேண்டும் என்று அவர் மனத்தில் தோன்றிய நாளுக்கும் அந்தச் சாமான் வீட்டு வாசலில் வந்து இறங்கும் நாளுக்கும் நடுவே, பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை பிறந்து, குப்புற விழுந்து, தவழ்ந்து, எழுந்து நடந்து, பள்ளிக்கூடத்திலும் சேர்ந்துவிடும். சோம்பேறியா என்றால் இல்லை. அவரைப்போல ஓடியாடி உழைப்பவர் கிடையாது. கஞ்சரா? அதுவும் இல்லை, பணத்தை எடுத்துத் தனியாக வைத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார். பின்னே என்னதான் செய்கிறார்? அலசுகிறார். நனைக்கிறார், தோய்க்கிறார், அலசுகிறார், பிழிகிறார், மறுபடி நனைக்கிறார். கொடியில் காயப்போடுவது மட்டும் கிடையாது. இந்த இனத்துக்கு அலசல்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

அலசல்காரருக்குப் பத்து வழிகளைக் காட்டினால் அலுத்துப்போய்ப் பேசாமல் இருந்துவிடுவார். இரண்டே வழிதான் காட்ட வேண்டும். இரண்டும் ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும். எதை எடுத்தாலும் குடிமுழுகிப் போகாது என்று ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவர் ஒருவரைத் தவிர. அப்படி ஒரு கேள்வி கிடைத்துவிட்டால் அவர் முகத்தில் ஒரு களை வரும் பாருங்கள், கல்யாண வீட்டுக் களை. எக்கார்ட் ஊலிக்குக்கு வாய்த்த கேள்வி இது: வீட்டு ஜன்னல்களுக்கு இரண்டடுக்குக் கண்ணாடி போடுவதா, மூன்றடுக்குக் கண்ணாடி போடுவதா?

சாக்சனியில், ஏர்ட்ஸ் மலையின் மேலே, ஷ்டைன்பாக் என்ற சின்ன ஊரில் அவர் வீடு. அக்டோபரில் வந்து உட்காரும் குளிர், ஏப்ரல் முடியும்போதுதான் 'கிளம்பட்டுமா?' என்று யோசிக்கத் தொடங்கும் இடம். ஊலிக் முப்பத்தாறு வருஷம் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்தும் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அவர் உள்ளே நுழைந்தால் கறிக்கடைக்காரர் தராசின் மேலிருந்து கையை மட்டுமல்ல, கண்ணையும் எடுத்துவிடுவாராம். ஓய்வு பெற்ற மறுவாரமே ஜன்னல் கேள்வியைக் கையில் எடுத்தார். அது ஆயிற்று நாலு வருஷம். அவருடைய மனைவி ரோஸ்வித்தா முதல் வருஷம் அபிப்பிராயம் சொன்னாள், இரண்டாம் வருஷம் சண்டை போட்டாள், மூன்றாம் வருஷம் ஜன்னல் இடுக்குகளில் பழைய துண்டுகளைச் சுருட்டிச் செருகினாள். நாலாம் வருஷம் மகள் வாய் திறந்தாள். அதோடு விஷயம் வேறாகிவிட்டது.

மகள் யூலியானே லைப்சிக்கில் இருக்கிறாள். போன கிறிஸ்துமஸ் சமயம் மூன்று மாதக் குழந்தை வில்மாவைத் தூக்கிக்கொண்டு, அட்வெந்த் முதல் ஞாயிற்றுக்கு அப்பா வீட்டுக்கு வந்தாள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு ஞாயிறுகளில் முதலாவது அது. அன்றைக்கு இந்த மலையில் பிறந்தவர்கள் எங்கிருந்தாலும் வீட்டுக்கு வந்தாக வேண்டும், வராதவர்களைப் பற்றித் தெருவே பேசும். வந்தவள் கோட்டைக் கழற்றவில்லை. ஜன்னலோரம் ஏற்றிய மெழுகுவர்த்திச் சுடர் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு எரிந்தது. குழந்தை மூன்று தும்மல் போட்டது.

"அப்பா, இது ஜன்னலா, சல்லடையா?"

"மாத்தத்தான் போறேன்மா."

"எப்ப?"

"அதை அப்படி ஒரே வார்த்தையில சொல்லிட முடியாது. ரெண்டு கண்ணாடின்னா என்ன ஆகும், மூணுன்னா..."

"எத்தனை வேணாலும் போடுப்பா. ஒம்போது கூடப் போடு. போட்டுட்டுச் சொல்லு. அதுவரைக்கும் வில்மாவை இந்த வீட்டுக்குத் தூக்கிட்டு வர மாட்டேன்."

மூன்றாம் நாள் கிளம்பிப் போய்விட்டாள். வில்மா ஊலிக்கின் ஒரே பேத்தி. கையில் வாங்கும்போதெல்லாம் அவருக்கு உதடு நடுங்கும். அதை மறைக்கத் தொண்டையைக் கனைத்துக்கொள்வார். அடுத்த அட்வெந்துக்குள் ஜன்னல் இல்லையென்றால் பேத்தியும் இல்லை. இப்படி ஒரு நெருக்கடி வந்தால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? கடைக்காரரைக் கூப்பிட்டு ஏதோ ஒன்றை மாட்டச் சொல்லுவோம். அலசல்காரர் என்ன செய்வார்? நெருக்கடி இவ்வளவு பெரிதென்றால் அலசலும் அதற்கு ஏற்றபடி பெரிதாக இருக்க வேண்டாமா என்பார்.

முதலில் கோப்பு. இரண்டு துளை போட்ட, முதுகில் பெயர் எழுதிய, தடித்த அட்டைக் கோப்பு. இந்த நாட்டில் மனுஷன் பிறந்ததும் அப்படி ஒன்றைத் திறந்துதான் வளர்க்கிறார்கள் என்றாலும், ஊலிக்கின் கோப்பு வேறு ரகம். இரண்டுக்கு ஆதரவு நீலத் தாளில். மூன்றுக்கு ஆதரவு பச்சைத் தாளில். எதற்கு ஆதரவு என்றே தீர்மானிக்க முடியாதவை மஞ்சள் தாளில். நாலாம் வருஷ முடிவில் மஞ்சள்தான் தடியாக இருந்தது.

அப்புறம் மாதிரித் துண்டுகள். ஜன்னல் விற்பவர்கள் சட்டமும் கண்ணாடியும் உள்ளே எப்படி இருக்கின்றன என்று காட்ட, ஒரு மூலையை மட்டும் குறுக்கே வெட்டி வைத்திருப்பார்கள். கண்காட்சிக்குக் கண்காட்சி போய், கெஞ்சிக் கூத்தாடி அப்படிப்பட்ட மூலைகளாகச் சேர்த்துவிட்டார். மற்றவர்கள் வீட்டு அலமாரியில் மரத்தில் கடைந்த தேவதைகளும் சுரங்க வீரர்களும் வரிசையாக நிற்கும் இடத்தில், ஊலிக் வீட்டில் ஏழு ஜன்னல் மூலைகள் நின்றன. வாரா வாரம் தூசி துடைப்பது ரோஸ்வித்தா. எட்டாவது மூலை வந்த அன்று அதை எடுத்துச் சமையலறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டாள். அதற்கு மட்டும் அந்த வீட்டில் ஒரு உபயோகம் கிடைத்தது.

அப்புறம் ஆலோசனை. அலசல்காரர் ஆலோசனை கேட்காத ஆளே கிடையாது. பாதிரியாரைக் கேட்டார். பஸ் டிரைவரைக் கேட்டார். பல் டாக்டரை, வாய்க்குள் அவருடைய இரண்டு கையும் இருக்கும்போதே கேட்டார். நல்ல பழக்கம்தானே என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அவர் கேட்பது பதிலுக்காக அல்ல, பதிலைச் சாய்ப்பதற்காக. நீங்கள் மூன்று என்றால் அவர் இரண்டின் வக்கீல். நீங்கள் 'சரி, இரண்டே போடுங்கள்' என்று இறங்கி வந்தால், அவர் அந்த நிமிஷமே மூன்றின் வக்கீல். பக்கத்து வீட்டு மெல்ட்சர் அம்மாவோடு வேலியோரம் நடந்த பேச்சைக் கேளுங்கள். அந்த அம்மாள் வீட்டில் மூன்றடுக்கு.

"நல்லா கதகதன்னு இருக்குங்க ஊலிக். மூணே போட்டுடுங்க."

"மூணு கண்ணாடின்னா கனம் ஜாஸ்தி ஆச்சே. கீல் தொங்கிடாதா?"

"ஆறு வருஷம் ஆச்சு, தொங்கலையே."

"இன்னும் தொங்கல."

"சரி, பயமா இருந்தா ரெண்டே போடுங்களேன்."

"ரெண்டா! இந்தக் குளிருக்கா? பாதி சூடு தெருவுக்குப் போயிடுமேம்மா!"

மெல்ட்சர் அம்மாள் கையிலிருந்த துணிக் கூடையைக் கீழே வைத்தாள். "ஒரு குறை இருக்கு, சொல்லிடறேன். உள்ளே இருக்கற சூடு வெளியே கசியறதே இல்லையா, அதனால வெளிப்பக்கக் கண்ணாடி ஜில்லுனு கிடக்கு. இலையுதிர் காலத்துல காலையில அது மேல பனி படிஞ்சிடுது. எட்டரை மணி வரைக்கும் தெருவே தெரியலைங்க. யார் வீட்டு வாசல்ல யார் கார் நிக்குதுன்னு நான் எப்படிப் பார்க்கறது?"

ஊலிக் பென்சிலை எடுத்துக் காதோரம் தேய்த்து, மூன்றின் குறைகளில் பதினாலாவதாக அதை எழுதிக்கொண்டார். மெல்ட்சர் அம்மாளுக்கு இது எவ்வளவு பெரிய குறை என்பது இந்தத் தெருவில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும்.

ஆனால் இந்த நாலு வருஷத்தில் அவர் செய்த காரியங்களிலெல்லாம் தலைசிறந்தது பிப்ரவரி மாதம் வைகெல்ட் வீட்டில் செய்ததுதான். அதைச் சொல்ல ஒரு சிகரெட் லைட்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊலிக் புகை பிடிப்பதில்லை. பின் லைட்டர் எதற்கு? ஒரு ஜன்னலில் எத்தனை கண்ணாடி என்று கண்டுபிடிக்க ஜன்னல் மாட்டுகிறவர்களிடம் ஒரு வித்தை உண்டு. சுடரைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்துச் சாய்வாகப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கண்ணாடியும் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று இரண்டு சுடர் காட்டும். நாலு சுடர் தெரிந்தால் இரண்டடுக்கு. ஆறு தெரிந்தால் மூன்றடுக்கு. இந்த வித்தை தெரிந்த நாளிலிருந்து ஊலிக் லைட்டர் இல்லாமல் வெளியே கிளம்பியதில்லை. அடுத்தவர் வீட்டுக்கு விருந்துக்குப் போனால் சூப் ஆறுவதற்குள் வரவேற்பறை, சாப்பாட்டறை இரண்டையும் எண்ணி முடித்துவிடுவார். பிற்பாடு ஈஸ்டருக்குப் பேத்தியைப் பார்க்க லைப்சிக் போனபோதும் அரை நாள் மகளின் வாடகை வீட்டு ஜன்னல்களைத்தான் பார்த்தார்.

வைகெல்ட் முப்பது வருஷம் சுரங்கத்தில் இறங்கியவர், எண்பத்தாறு வயதில் போய்ச் சேர்ந்தார். அடக்கம் முடிந்து, காப்பிக்கும் கேக்குக்கும் எல்லாரும் அவர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மாலை நாலு மணி, வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. ஊலிக்கின் கண்ணில் பட்டது வைகெல்ட் சாவதற்கு முந்தைய வருஷம் மாற்றிய புது ஜன்னல். மனுஷன் எவ்வளவு நேரம்தான் தாங்குவார்? கேக்கைப் பாதியில் வைத்துவிட்டு, மெல்ல நகர்ந்து, திரைச்சீலையை ஒதுக்கி, லைட்டரை ஏற்றிக் கண்ணாடிக்கு நேரே பிடித்தார். தலையைச் சாய்த்தார். உதடு அசைய எண்ணினார்.

சுரங்கக்காரர்கள் ஊரில் ஜன்னலில் வைத்த விளக்குக்கு ஒரே அர்த்தம்தான். பூமிக்கடியிலிருந்து ஏறி வருகிற ஆளுக்கு வீட்டுக்கு வழி தெரிய வேண்டும். வைகெல்ட்டின் மனைவி எல்ஃப்ரீடே திரும்பிப் பார்த்தாள். ஜன்னலில் ஒரு சுடர், அதன் முன்னே தலை சாய்த்து, உதடு முணுமுணுக்க நிற்கும் எக்கார்ட். அவள் எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

"எக்கார்ட்... இத்தனை பேர்ல உனக்குத்தான்டா இது தோணிச்சு," என்றாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

நாற்காலிகள் நகர்ந்தன. அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். சுரங்கக்காரர் இசைக்குழுவில் ஊதுகொம்பு வாசித்த கிழவர் ஒருவர் சுரங்கத் தொழிலாளர்களின் பாட்டை மெல்ல ஆரம்பிக்க, அறை முழுக்கச் சேர்ந்துகொண்டது. நீளமான பாட்டு. முதல் சரணத்தில் லைட்டரின் தகரம் சுட ஆரம்பித்தது. இரண்டாம் சரணத்தில் கட்டை விரல் சிவந்தது. ஊலிக் விடவில்லை. எப்படி விடுவார்? எல்ஃப்ரீடே அவர் தோளில் தலை சாய்த்திருந்தாள். அவர் கண்ணிலும் நீர் வந்துவிட்டது. பாதி வைகெல்ட்டுக்காக, பாதி விரலுக்காக. உண்மை என்ன என்பது அவரைத் தவிர அந்த அறையில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அவள் மூலையில் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பார்த்தவர்கள் ரோஸ்வித்தாவும் அழுகிறாள் என்று நினைத்தார்கள்.

காரில் வீட்டுக்குத் திரும்பும்போது வழி நெடுக அவள் கைக்குட்டையை வாயிலிருந்து எடுக்கவில்லை. வீட்டு வாசலில் வண்டி நின்றதும் கேட்டாள்.

"எத்தனை?"

"நாலு," என்றார் ஊலிக், கொப்பளித்த விரலை ஊதிக்கொண்டே. "மூணாவது சரணத்துல இன்னொரு தடவை எண்ணிப் பார்த்துட்டேன். நாலுதான்."

வசந்தம் வந்தது. ஒரு வழியாக முடிவுக்கு வரப்போகிறார் என்ற நேரத்தில், மே மாதம், வீட்டுச் சூடு பற்றி ஆலோசனை சொல்லும் ஒரு பெண்மணியை வரவழைத்தார். பாவம், நல்லெண்ணத்தோடு அவள் ஒரு வார்த்தை சொன்னாள்.

"வெயில் விழற தெற்குப் பக்கம் ரெண்டு, குளிர் அடிக்கற வடக்குப் பக்கம் மூணு, இப்படிக் கலந்தும் போடலாமே?"

அய்யோ! வீட்டில் ஜன்னல்கள் பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் இரண்டா மூன்றா என்று தனித்தனியாக முடிவு செய்யலாம் என்றால் மொத்தம் எத்தனை விதமாக மாட்டலாம்? ஊலிக் அன்று மத்தியானமே கணக்குப் போட்டுவிட்டார். இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு. ரோஸ்வித்தாவைக் கூப்பிட்டு அந்த எண்ணைக் காட்டினார். அவர் முகத்தில் இருந்தது கவலை என்று சொன்னால் பொய். அது பரம சந்தோஷம். அவள் அந்தத் தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், தோட்டத்துக்குப் போய்க் களை பிடுங்க ஆரம்பித்தாள். அன்று அவள் களையோடு சேர்த்து ஒரு வரிசைக் கேரட்டையும் பிடுங்கிவிட்டாள்.

அலசல்காரர்களின் வாழ்க்கைக்கு ஒரு முடிவு கட்டுபவர்கள் உலகத்தில் இரண்டே பேர்தான்: எமனும், 'இத்தனாம் தேதிக்கு மேல் முடியாது' என்கிற தொழிலாளியும். ஷ்டைன்பாக்கில் அந்தத் தொழிலாளி, ஜன்னல் மாட்டும் மாஸ்டர் ட்ரெக்சல். ஊலிக் கேட்டுக்கொண்டபடி அந்தப் பதினோரு ஜன்னல்களை மூன்று தடவை அளந்தவர். ஆள் அதிகம் பேச மாட்டார். செப்டம்பர் பிறந்ததும் போன் செய்தார்.

"ஊலிக் சார். தொழிற்சாலையில பத்து வாரம் ஆகும். வர்ற வெள்ளிக்கிழமை ஒரு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டா அட்வெந்துக்கு முன்னாடி மாட்டிடுவேன். ஒண்ணு அஞ்சுக்கு வந்தா மார்ச் மாசம்."

வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு ஊலிக் கோப்போடு பட்டறைக்குப் போனார். ரோஸ்வித்தாவும் கூட வந்து, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். மேஜையில் ட்ரெக்சல் இரண்டு படிவங்களை எடுத்து வைத்தார். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. நடுவே பேனா.

"கலந்து போடற மூணாவது படிவம்?" என்றார் ஊலிக்.

"கிடையாது."

"இல்ல, வடக்குப் பக்கம் மட்டும்..."

"கிடையாது சார்."

ஊலிக் மஞ்சள் தாள்களைத் திறந்தார். மூன்றடுக்குக் கண்ணாடியில் வெளிச்சம் கொஞ்சம் குறையுமாமே, ரோஸ்வித்தாவின் ஜெரானியம் செடிகள் பூக்குமா என்று கேட்டார். பூக்கும் என்றார் ட்ரெக்சல். இரண்டடுக்கில் தெருச் சத்தம் கேட்குமா? கேட்கும். மூன்றில்? கொஞ்சம் கம்மியாகக் கேட்கும். ஜன்னல் ரொம்ப நன்றாக இருந்து சுவர் சுமாராக இருந்தால், ஈரம் சுவரில் போய் இறங்கிப் பூஞ்சணம் பிடிக்குமாமே? பிடிக்கலாம். பிடிக்காமலும் போகலாமா? போகலாம். பட்டறைக் கணக்குகளைப் பார்த்துக்கொள்ளும் ட்ரெக்சலின் மனைவி காப்பி இயந்திரத்தை அணைத்துவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு மேல் இந்த நாட்டுத் தொழிலாளியைக் கடவுளே வந்து கூப்பிட்டாலும் திங்கள் காலை வரச் சொல்வார். மணி பன்னிரண்டு ஐம்பது.

"இன்னொரு கோணம் இருக்கு மாஸ்டர்," என்று ஊலிக் தாளைத் திருப்பினார்.

ரோஸ்வித்தா கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள். ஒரு படத்தை ஓடவிட்டு, கோப்பின் மேல், மஞ்சள் தாளின் மேலேயே வைத்தாள். வில்மா ஒரு முக்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கையை விடுகிறாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து அடி. தொப்பென்று உட்கார்ந்து, தானே கைதட்டிக்கொள்கிறாள்.

"நடக்கறாளா!" என்றார் ஊலிக். "எப்ப?"

"முந்தாநாள்."

"என்கிட்டச் சொல்லவே இல்லையே!"

"யூலியானே போன்ல வீடியோ போட்டுக் கூப்பிட்டா. இப்ப எந்த நிமிஷமும் நடந்துடுவா போல இருக்கு, அப்பாவைக் கூப்பிடும்மா, நேராவே பார்க்கட்டும்னா. நீ மாடியில ஜன்னல் சட்டத்தை அளந்துகிட்டு இருந்த. நான் படி ஏறி வந்து கூப்பிட்டேன். நீ என்ன சொன்ன?"

ஊலிக்குக்கு ஞாபகம் வந்தது. அளக்கும் பட்டையைப் பல்லில் கடித்துக்கொண்டு, 'அப்புறம் பேசறேன்னு சொல்லு' என்றிருந்தார்.

"அந்த அஞ்சு அடி இனிமே வராது எக்கார்ட்," என்றாள் ரோஸ்வித்தா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "ஆறாவது அடி, ஏழாவது அடி எல்லாம் வரும். அது வராது. இப்ப சொல்லு, அட்வெந்துக்கு அவ வரலாமா வேண்டாமா? நான் என்ன சொல்லட்டும் அவகிட்ட?"

அவருக்கு வெட்கமாக இருந்தது. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் தராசில் ஒரு கிராம் குறைந்தால் கண்டுபிடித்த மனுஷன், தன் வீட்டில் ஒரு வருஷம் குறைந்துபோனதைப் பார்க்காமல் இருந்துவிட்டார். தொண்டையைக் கனைத்தார். பேனாவை எடுத்தார். இடது படிவத்தைப் பார்த்தார், வலது படிவத்தைப் பார்த்தார், ஒன்றை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். மணி பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. ரோஸ்வித்தா படிவத்தின் நகலை மடித்துக் கைப்பையில் போட்டுப் பூட்டினாள்.

வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். "மாஸ்டர், வாங்கினதை வேண்டாம்னு சொல்ல பதினாலு நாள் டைம் உண்டு இல்லையா?"

"அளவெடுத்துச் செய்யற பொருளுக்குக் கிடையாது," என்று சொல்லிக் கதவைப் பூட்டினார் ட்ரெக்சல். அவரை அவ்வளவு சந்தோஷமாக அந்த ஊர் பார்த்ததில்லை.

நவம்பர் கடைசியில் ஜன்னல்கள் வந்தன. இரண்டே நாளில் பதினொன்றையும் மாட்டிவிட்டுப் போனார்கள். நாலு வருஷத்து விஷயம் இரண்டு நாளில் முடிந்ததில் ஊலிக்குக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனாலும் வீடு அடங்கிப் போயிற்று. அவர் டீ விழுங்கும் சத்தம் தனக்குக் கேட்கிறது என்று ரோஸ்வித்தா புகார் சொன்னாள்.

அட்வெந்த் முதல் ஞாயிறு. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே ஆறு. உள்ளே இருபத்திரண்டரை, ஊலிக் காலையிலிருந்து பார்த்துப் பார்த்து ஏற்றி வைத்தது. ஒரு மெல்லிய காகிதக் கீற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சட்டத்தின் ஓரமாகவும் போய்வந்தார். கீற்று அசையவில்லை. வாசல் மணி அடித்தது. யூலியானே பனித்தொப்பியோடு உள்ளே வந்தாள். வில்மாவை இறக்கிவிட்டாள். வில்மா நடைவழியில் தள்ளாடிக்கொண்டே நேராக வந்து ஊலிக்கின் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். எத்தனை அடி என்று அவர் எண்ணவில்லை. தூக்கிக்கொண்டார். உதடு நடுங்கியது, இந்தத் தடவை கனைத்துக்கொள்ளவும் இல்லை.

யூலியானே அறையைச் சுற்றிப் பார்த்தாள். ஜன்னலோரச் சுடர் நேராக நின்று எரிவதைப் பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள்.

"என்னப்பா இது, டப்பாவுக்குள்ள அடைச்ச மாதிரி இருக்கு! இந்தக் காத்துலயா குழந்தை மூச்சு விடறது?"

சொல்லிக்கொண்டே போய் வரவேற்பறையின் பெரிய ஜன்னலை முழுசாக, இரண்டு கதவையும் விரியத் திறந்தாள். சமையலறைக்குப் போய் எதிர் ஜன்னலையும் திறந்தாள். சுடர் அணைந்தது. மேஜை விரிப்பு எழும்பிப் பறந்தது. இருபத்திரண்டரை டிகிரியும் ஒன்றாகக் கிளம்பித் தெருவுக்குப் போயிற்று.

"நீதானம்மா குழந்தைக்குக் காத்து ஆகாதுன்ன!"

"அது இடுக்குல பூந்து வர்ற திருட்டுக் காத்துப்பா. அது நோய். இது நாமளா தொறந்து விடற நல்ல காத்து. ரெண்டும் ஒண்ணா?"

எதிர்த்துப் பேசுவார் என்றுதானே எதிர்பார்க்கிறீர்கள்? மாட்டார். இந்த நாட்டில் பால் குடிக்கும் குழந்தைக்கும் தெரிந்த உண்மை அது. குளிர் காலத்தில் தினமும் காலையும் மாலையும் ஜன்னலை அகலத் திறந்து பழைய காற்றை விரட்டாத வீடு, கைகழுவாமல் சாப்பிடுகிற வீட்டுக்குச் சமம். ஊலிக்கே அப்படி வளர்ந்தவர்தான். பேத்தியைத் தன் கம்பளிச் சட்டைக்குள் பொதிந்துகொண்டு, மூக்கு நுனி சிவக்க, திறந்த ஜன்னல் முன்னே நின்றார். வில்மா தெருப்பனியைப் பார்த்துக் கைதட்டினாள். நாலு வருஷத்தில் அவர் அவ்வளவு சந்தோஷமாக ஒரு ஜன்னலருகே நின்றதில்லை.

"எத்தனை நிமிஷம் தொறந்து வைக்கறது நல்லது?" என்றார் மெல்ல. "அஞ்சா, பத்தா? ரெண்டுலயும் ஒரு விஷயம் இருக்கு..."

"எக்கார்ட்!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

அவ்வளவுதான் கதை. பேத்தி வந்தாள், நடந்தாள், தாத்தா தூக்கிக்கொண்டார். அது போதும் என்கிறவர்கள் புத்தகத்தை மூடிவிட்டுக் காப்பி குடிக்கப் போயிருப்பார்கள். நீங்கள் இன்னும் இங்கேயே நிற்கிறீர்களே, என்ன வேண்டும்? 'அதெல்லாம் சரி, கடைசியில் எந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார், இரண்டா, மூன்றா?' என்றா? எங்காவது துப்பு விட்டிருக்கிறதா என்று இரண்டு பக்கம் பின்னால் போய்ப் பார்த்துவிட்டும் வந்தீர்கள், இல்லையா? அதைச் சொல்வதாக உத்தேசம் இல்லை. உங்கள் இனம் எது என்று தெரிந்துபோயிற்று. நீங்கள் இன்னும் வாங்காமல் தள்ளிப்போட்டு வரும் அந்தக் குளிர்சாதனப் பெட்டி விஷயமும் தெரியும். அதோ, பக்கத்து அறையிலிருந்து உங்களை யாரோ கூப்பிடுகிறார்கள். 'அப்புறம் வரேன்' என்று சொல்லிவிடாதீர்கள்.